வண்டிக்குப் பின்னால் யார் நிற்பது?

பாப்பாவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. காது பரிசோதனை நிலையத்தில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவளை 'மேடம்' என்பார்கள். வீட்டில் மட்டும் இன்னமும் பாப்பா. இரண்டு அண்ணன்மாரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அந்தப் பெயர்தான் என்பதால், மாற்றிக் கூப்பிடச் சொல்லி அவள் கேட்டதில்லை. இருக்கிற கொஞ்ச ஒற்றுமையையும் கெடுப்பானேன்?

பெரியண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி உயரமான கட்டடங்களில் மக்கள் மேலே போவதும் கீழே வருவதும் அவர் தயவில்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. சின்னண்ணன் நீச்சல் குளத்தில் பயிற்சியாளன். கழுத்தில் விசில் இல்லாமல் அவனைப் பார்ப்பது அரிது. இருவரும் ஒரே ஊரில், நடந்தே போய்விடுகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு, பல வருஷங்களாகப் பேசிக்கொள்வதில்லை.

சொத்துத் தகராறு என்றாலும் வெளியே கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இது கார் தகராறு. பெரியண்ணன் புதுக் கார் வாங்கி, அதைக் காட்டுவதற்காகப் பாப்பாவின் குடியிருப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கீழே வண்டி நிறுத்துகிற இடம் குறுகல். சின்னண்ணன் பின்னால் நின்று கையசைக்க, பெரியண்ணன் ரிவர்ஸ் எடுக்க, புதுக் கார் சுவரோடு போய் முத்தம் கொடுத்தது. "வா வான்னு கை காட்டினான், பாவி" என்பது பெரியவர் கட்சி. "நில்லுன்னு காட்டினேன், அவர் பார்த்தாத்தானே" என்பது சின்னவன் கட்சி. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரே சாட்சி பாப்பா. அவள் பார்த்தவரை சின்னண்ணன் கொசு விரட்டிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னால் யாருக்கும் வெற்றி கிடைக்காது என்பதால் அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து குடும்ப விசேஷங்கள் இரண்டு ஷிஃப்டாக நடந்தன. பெரியண்ணன் முதலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் கார் தெருமுனை திரும்பிய பிறகு சின்னண்ணன் வருவான். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் பாப்பாவிடம் சொல்வார்கள். "அவன்கிட்ட சொல்லிடு." "அவர்கிட்ட சொல்லிடு." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சும்மா இடி வாங்கிக்கொண்டு கிடக்கலாம், ஓடிப்போய் அந்தப் பக்கத்து இடியை இந்தப் பக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதுவும் அப்படியே சொல்ல முடியாது. காதுக் கருவியை ஒருவருக்குப் பொருத்தும்போது பாப்பா என்ன செய்வாளோ அதைத்தான் வீட்டிலும் செய்தாள்: காதைக் கிழிக்கிற சத்தத்தைக் குறைப்பது, காதில் விழ வேண்டியதைக் கூட்டுவது. நிலையத்தில் அதற்குச் சம்பளம் உண்டு.

இப்போது அந்த நிலையம் கடல் கடந்து ஒரு கிளை திறக்கிறது. அதை நடத்தப் பாப்பாவைக் கேட்டார்கள். அவளும் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். இந்த மாதக் கடைசியில் விமானம். விஷயம் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். அண்ணன்களுக்கு மட்டும் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், யாருக்கு முதலில் சொல்வது? அவளுக்கு விவாகரத்து ஆனபோது, தற்செயலாக அன்றைக்குப் போன் செய்த பெரியண்ணனிடம் முதலில் சொல்லித் தொலைத்தாள். சின்னண்ணன் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "என் தங்கச்சி வாழ்க்கை முறிஞ்சுபோனதை நான் ரெண்டாவது ஆளாத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டான். அவள் அழுவதா, அவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று புரியாமல் இரண்டையும் செய்தாள். ஆகவே இந்தச் செய்தி இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் போன பிறகு இவர்களுக்கு நடுவில் யார்? அங்கே பகல் என்றால் இங்கே இரவு. யார் எப்போது யாருக்குச் சொல்வது? போவதற்குள் இவர்கள் பேசிக்கொள்ளாவிட்டால், இந்த ஜென்மத்தில் பேசிக்கொள்ளப் போவதில்லை.

ஆகவே மூன்று பேரும் கேரவனில் ஒரு பயணம். வீட்டில் உட்காரவைத்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார். ஹோட்டலிலும் அப்படித்தான். ஓடுகிற வண்டியிலிருந்து எப்படி எழுந்து போவது? வண்டிக்குள்ளேயே படுக்கை, வண்டிக்குள்ளேயே அடுப்பு, வண்டிக்குள்ளேயே கழிப்பறை. மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது, அதன் கரையில் கேரவன்களை நிறுத்தித் தங்க இடம் விடுகிறார்கள் என்று நிலையத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். போன் சிக்னல்கூட அங்கே விட்டுவிட்டுத்தான் வருமாம். கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் பஸ் கிடையாது. இதைவிட நல்ல இடம் வேண்டுமானால் சிறைச்சாலைதான்.

சம்மதம் வாங்குவது பாப்பாவுக்குக் கைவந்த கலை. பெரியண்ணனிடம் போய், "சின்னண்ணன் வரமாட்டேங்கறான், அதனால நீங்களும் வரமாட்டீங்கன்னு சொல்றான்" என்றாள்.

"நான் வர்றதையும் வராததையும் முடிவு பண்ண இவன் யாரு? நான் வர்றேன்னு சொல்லு!"

அதே மருந்தைச் சின்னண்ணனுக்கும் கொடுத்தாள். அங்கேயும் வேலை செய்தது. இரண்டு அண்ணிமாரும் மட்டும் ஏமாறவில்லை. "உங்க மூணு பேர் சண்டையை ஏத்திக்கிட்டு மலை ஏறணும், நாங்க உள்ளே உட்கார்ந்து டீ போட்டுக் கொடுக்கணும், அவ்வளவுதானே? நீங்களே போயிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். புத்திசாலிகள்.

திட்டமிடுதல் தொடங்கியது. மற்ற குடும்பங்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசி முடித்திருக்கும். இவர்கள் பாப்பாவின் இரண்டு காதுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பெரியண்ணனுக்கு முதல் கவலை எடை. லிஃப்டில் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று எழுதி ஒட்டியே பழகிய மனிதர். "அந்தத் தடியன் இப்ப எத்தனை கிலோ இருக்கான்னு கேளு. டயர் தாங்குமான்னு பார்க்கணும்."

பாப்பா சின்னண்ணனிடம் போன் செய்தாள். "பெரியண்ணன் உன் உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு."

எதிர்முனையில் நீச்சல் குளத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "என் உடம்புக்கு என்ன? மொதல்ல அவர் முட்டியைப் பார்த்துக்கச் சொல்லு. மலையில ஏறி உட்கார்ந்துக்கிட்டு 'ஐயோ, அம்மா'ன்னா நான் தூக்கிட்டு இறங்க மாட்டேன்."

"உங்க முட்டி வலி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டான், பாவம்" என்றாள் பெரியண்ணனிடம்.

மறுநாள் அவர் தாமாகவே போன் செய்து, "அவன் கேட்டா, பரவாயில்லேன்னு சொல்லு" என்றார். அவன் கேட்கவேயில்லை. ஆனாலும் பாப்பா அதைப் போய்ச் சொன்னாள்.

அடுத்தது கழிப்பறைத் தொட்டி. கேரவனில் அந்தத் தொட்டி நிறைந்ததும் யாராவது கழற்றி எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். "காலம்பூரா தண்ணியிலேயே கிடக்கிறவன்தானே, அவன் கழுவட்டும்" என்றார் பெரியண்ணன். "மெஷினைக் கழட்டி மாட்டறதுதானே அவர் பொழப்பு, அதையும் அவரே கழட்டட்டும்" என்றான் சின்னண்ணன். நீண்ட யோசனைக்குப் பிறகு, மற்றவர் 'நான்தான் செய்வேன்' என்று பிடிவாதம் பிடிப்பதாக இரண்டு பக்கமும் பாப்பா அறிவித்தாள். இருவருமே ஆச்சரியப்பட்டார்கள். இருவருமே பெரிய மனதோடு அந்த வேலையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

எங்கே வண்டியை நிறுத்துவது என்பதில்தான் முட்டிக்கொண்டது. ஆற்றை ஒட்டியே நிறுத்த வேண்டும், காலையில் கதவைத் திறந்ததும் காலைத் தண்ணீரில் வைக்க வேண்டும் என்பது சின்னண்ணன் கனவு. "மேல எங்கேயாவது மழை பெஞ்சா? தண்ணி ஏறி வந்து வண்டியோட வாரிக்கிட்டுப் போகும். மேட்டுல நிறுத்தினா வர்றேன், இல்லாட்டி ஆளை விடு" என்பது பெரியண்ணன் முடிவு. ஒருவருக்கு ஆற்றில் குதிக்க வேண்டும், ஒருவருக்கு ஆற்றைப் பார்க்கவே கூடாது. இதற்குப் பாப்பா கண்ட தீர்வு எளிமையானது: "உங்க இஷ்டம்னு சொல்லிட்டான்" என்று அங்கே. "உன் இஷ்டம்னுட்டாரு" என்று இங்கே. மேட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஓர் இடத்தை, தன் விமானத்துக்கு முந்தின வாரத்துக்குப் பதிவு செய்தாள். அங்கே போய் இறங்கிய பிறகு, ஆனது ஆகட்டும்.

பொய்க்கு ருசி கண்டுவிட்டால் நாக்கு நிற்காது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு சொல்லி இரண்டு அண்ணன்களைப் பேசவைக்கக் கூடாதா? ஒரு நாள் துணிந்து, "அன்னிக்குக் கார் விஷயத்துல தப்பு என் மேலதான்னு சின்னண்ணன் வருத்தப்படறான்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டாள். அதே வாசகத்தை, பெயரை மட்டும் மாற்றி, சின்னவனிடமும் சொன்னாள்.

"இப்பவாவது புத்தி வந்துதே" என்றார் பெரியண்ணன். "இப்பவாவது ஒத்துக்கிட்டாரே" என்றான் சின்னண்ணன். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று சின்னவனிடமும், சின்னவனுக்குக் குரல் கம்மிவிட்டது என்று பெரியவரிடமும் பாப்பா சொன்னாள். அன்றைக்குப் படுக்கும்போது அவளுக்கே கொஞ்சம் கண் கலங்கியது. அவள் சொன்னதில் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான்.

கேரவன் வாடகைக்கு விடுகிற இடம் ஊருக்கு வெளியே இருந்தது. பெரிய சிமென்ட் தளம், வரிசையாக வெள்ளை வண்டிகள், ஓரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன டீக்கடை. ஓட்டப்போகிற இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்பது விதி. பாப்பா அந்த விதியைக் காரணம் காட்டி இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். பெரியண்ணன் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னண்ணன் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடையில் ஒரு நீளமான வண்டி இருந்தது நல்லதாயிற்று.

வாடகைக்காரருக்கு மார்புவரை தாடி. மனிதர் எதற்கும் அவசரப்படுகிற ஜாதியில்லை. அடுப்பைப் பற்றவைக்கக் காட்டினார், தண்ணீர்க் குழாயைக் காட்டினார், அந்தத் தொட்டியைக் கழற்றிக் காட்டினார். தொட்டியைக் காட்டும்போது இரண்டு அண்ணன்களும் 'இது உன் பாடு' என்கிற தோரணையில் தூரத்து வானத்தைப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து, "இப்ப ரிவர்ஸ்" என்றார் தாடிக்காரர்.

பாப்பா குறுக்கே வந்தாள். "ரிவர்ஸ் எதுக்கு?"

"அந்தப் பள்ளத்தாக்குல வண்டியை முன்னால விட்டுத் திருப்பறதுக்கு இடமே கிடையாதும்மா. எல்லா இடத்துலயும் பின்னாலதான் சொருகணும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. ஓட்டறவர் ஒருத்தர், பின்னால நின்னு வழி காட்டறவர் ஒருத்தர். ரெண்டு பேரும் என் கண்ணு முன்னால ஒரு தடவை எடுத்துக் காட்டினாத்தான் சாவி. ரெண்டு வண்டி ஆத்துக்குள்ள போயிடுச்சு, அதுக்கப்புறம் வச்ச சட்டம்."

உலகத்தில் இத்தனை வாடகைக்காரர்கள் இருக்க, இந்தச் சட்டம் வைத்தவரிடம்தானா வந்து மாட்ட வேண்டும்? "பின்னால நான் நிக்கிறேன்" என்றாள் பாப்பா அவசரமாக.

தாடிக்காரர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "கண்ணாடியில உங்க தலைகூடத் தெரியாதும்மா. அவர் நிக்கட்டும், நல்லா வாட்டசாட்டமா இருக்காரே" என்று சின்னண்ணனைக் காட்டினார்.

பெரியண்ணன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சின்னண்ணன் பின்னால் போய் நின்றான். வண்டிக்கு நேர் பின்னே, கொஞ்சம் தள்ளி, ஒரு சிமென்ட் தண்ணீர்த்தொட்டி இருந்தது. அதற்கு முன்னால் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் வண்டி நிற்க வேண்டும்.

பெரியண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "பாப்பா! கண்ணாடியில தெரியற மாதிரி நிக்கச் சொல்லு அவனை."

பாப்பா பின்னால் ஓடினாள். "கண்ணாடியில தெரியற மாதிரி நிக்கணுமாம்."

"நான் எனக்குத் தெரியற இடத்துலதான் நிப்பேன். கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பார்க்கச் சொல்லு."

பாப்பா முன்னால் ஓடினாள். "சரின்னுட்டான், அண்ணா."

வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. "எவ்வளவு இடம் இருக்குன்னு கேளு." ஓடினாள். "நெறைய இருக்கு, வரச் சொல்லு." ஓடினாள். "நெறையன்னா எவ்வளவு? அளவா சொல்லத் தெரியாதா அவனுக்கு?" ஓடினாள். இந்தக் கேள்வி போய்ச் சேர்வதற்குள் வண்டி பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. அந்தப் பதில் திரும்பி வருவதற்குள் மீதியில் பாதி போய்விட்டது. "இடது பக்கம் ஒடிக்கச் சொல்லு" என்று சின்னண்ணன் சொன்னதை அவள் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, ஒடிக்க வேண்டியது வலது பக்கமாக ஆகியிருந்தது. தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு ரிவர்ஸை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"யாரு இவங்க ரெண்டு பேரும்?" என்று ஓடுகிறவளைக் கேட்டார்.

"கூடப் பிறந்தவங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "ஓ" என்றார், எல்லாம் புரிந்துவிட்டவர்போல.

அடுத்த தடவை பின்னால் ஓடியபோது பாப்பாவால் முடியவில்லை. நெஞ்சு அடைத்தது. வண்டியின் முதுகுக்குப் பின்னால், தண்ணீர்த்தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று. சின்னண்ணன் அந்த நேரம் பார்த்து, கண்ணாடியில் தெரிகிறோமா இல்லையா என்று சும்மா சோதிப்பதுபோல் ஓரமாக நகர்ந்து போயிருந்தான். பெரியண்ணனுக்குச் செய்தி எதுவும் வரவில்லை. செய்தி வரவில்லையென்றால் வரலாம் என்றுதானே அர்த்தம்? வண்டி வந்தது.

நிமிர்ந்தபோது வண்டியின் வெள்ளைத் தகடு முகத்துக்கு நேரே இருந்தது. இந்தப் பக்கம் சிமென்ட். கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சையே சுமந்த வாயில் சொந்தப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

"அண்ணா! நிறுத்துங்க! பாப்பா! பாப்பா!"

அது சின்னண்ணன் குரல். விசிலே தேவைப்படாத குரல். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், ஆடியது. வண்டி குலுங்கி நின்றது. தகடு பாப்பாவின் கைப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் குதித்து இறங்கி ஓடிவந்தார். முட்டி வலி என்ன ஆனதென்று தெரியவில்லை. சின்னண்ணன் அதற்குள் அவளை இழுத்து வெளியே விட்டிருந்தான். இருவரும் அவள் தோளைப் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் திருப்பிப் பார்த்தார்கள்.

"அடி பட்டுச்சா? எங்கேயாவது பட்டுச்சா?" என்றார் பெரியண்ணன்.

"படல அண்ணா, நான் பார்த்தேன், படல" என்றான் சின்னண்ணன்.

"நல்லாப் பார்த்தியாடா?"

"பார்த்தேன் அண்ணா."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதன் பிறகுதான் இருவருக்கும், தாங்கள் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், சேர்ந்து பாப்பாவைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"அறிவிருக்கா? ஓடற வண்டிக்குப் பின்னால எவளாவது வந்து நிப்பாளா?"

"சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே இது!"

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். அப்படி ஓர் ஒத்துழைப்பு. பாப்பா திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. சின்னண்ணன் கொஞ்சம் நெகிழ்ந்துபோய், "நீங்களே ஒத்துக்கிட்டு வருத்தப்பட்டப்புறம் நான்தான் முதல்ல வந்து பேசியிருக்கணும்" என்றான்.

பெரியண்ணன் நெற்றி சுருங்கியது. "நான் எப்படா வருத்தப்பட்டேன்? நீதானே தப்பு உன் மேலன்னு சொல்லி அனுப்பினே?"

"நானா? நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

"என் முட்டியை விசாரிச்சியே?"

"உங்க முட்டியை நான் ஏன் விசாரிக்கணும்? நீங்கதான் என் உடம்பை விசாரிச்சீங்க."

"நான் உன் எடையைக் கேட்டேன்டா!"

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். பாப்பா முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மேட்டில்தானே இடம் பதிவு? ஆற்றோரத்தில்தானே? தொட்டி கழுவுவது நீதானே? குட்டு முழுவதும் அங்கேயே, அந்தச் சிமென்ட் தளத்திலேயே உடைந்தது. தாடிக்காரர் ஒரு வண்டியின் படியில் வசதியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா எங்க ரெண்டு பேரையும் முட்டாளாக்கியிருக்கா, அண்ணா."

"இவ்வளவு பொய்யா பாப்பா? எங்கே கத்துக்கிட்டே?"

எங்கே கற்றுக்கொண்டாளாம்! பாப்பாவுக்கு ஓடி ஓடித் தாகமாக இருந்தது. "டீ குடிக்கலாமா?" என்றாள்.

டீக்கடையில் மூலை மேஜை. பாப்பா ஒரு பக்கம், எதிரே இரண்டு அண்ணன்களும் ஒரே பெஞ்சில். இடம் போதாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவளைத் திட்டித் தீர்த்த பிறகு அவர்களுக்குப் பேச வேறு விஷயம் தேவைப்பட்டது. பயணம் கைவசம் இருந்தது.

"ஆத்தோரமே நிறுத்திக்கலாம்டா. ஆனா மழைக்காலம் முடிஞ்சு தண்ணி இறங்கியிருக்கணும்."

"அப்படின்னா அடுத்த மாசம் நடுவுல போகலாம் அண்ணா. தண்ணி தெளிஞ்சிருக்கும். உங்களுக்கே நீந்தச் சொல்லித் தர்றேன்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"தண்ணியில முட்டிக்கு என்ன வேலை?"

பெரியண்ணன் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துச் சின்னண்ணன் சிரித்தான். பாப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எத்தனை வருஷம் இதற்காகப் பொய் சொன்னாள்! பொய் பிடிபட்ட பிறகுதான் கைகூடியது. அடுத்த மாதம் நடுவில் அவர்கள் ஆற்றில் இறங்குவார்கள். அவள் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், எவருடைய காதுக்கோ கருவி பொருத்திக்கொண்டிருப்பாள். பழம் நழுவி யார் பாலிலோ விழுந்தது.

"அப்போ தேதியை மாத்திடலாம், என்ன பாப்பா?" என்றார் பெரியண்ணன்.

ஆற்றங்கரையில், அந்தி சாய்கிற நேரத்தில், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த செய்தி. இங்கே ஈ மொய்க்கிற மேஜைமேல் வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப நான் இருக்க மாட்டேன். எனக்கு வெளிநாட்டுல வேலை. இந்த மாசக் கடைசியில போறேன். திரும்பி வர ரெண்டு மூணு வருஷம் ஆகலாம்."

பெரியண்ணன் முதலில் தம்பியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

"இல்லையே. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, இவன் எனக்கு முந்தவில்லை. இவர் எனக்கு முந்தவில்லை. அந்த நிம்மதி வடிய கொஞ்ச நேரம் பிடித்தது. வடிந்த பிறகுதான் செய்தியே உள்ளே போனது. சின்னண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். பெரியண்ணன் முகத்தைப் பாப்பா அப்படிப் பார்த்ததேயில்லை. லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களின் முகம் அப்படித்தான் இருக்குமாம், அவரே சொல்லியிருக்கிறார்.

"நீ போயிட்டா," என்றார், "நாங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிறது?"

கேலியில்லை. தம்பியின் தோள் தன் தோளில் இடித்துக்கொண்டிருக்க, நிஜமாகவே கேட்டார்.

"அதானே?" என்றான் சின்னண்ணனும்.

பாப்பாவுக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, நாற்பது வயதுக் கோபம். "பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கான்? அவனையே கேளுங்க" என்றாள். எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

கேரவன் கதவு திறந்தே கிடந்தது. ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து டீக்கடைக் கண்ணாடி நேராகத் தெரிந்தது. இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்து தத்தம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணன் கதவுப் பக்கம் திரும்பினார், அவளைத் தேடுகிறார். சின்னண்ணனும் திரும்பினான். போய்விடலாமா, இந்த ஒரு தடவை மட்டும் போய் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று அவள் கால் துடித்தது. இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாதக் கடைசியில் எந்தக் காலை வைத்து ஓடிவரப் போகிறாள்?

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ வண்டித் தகட்டைத் தட்டினார்கள். தாடிக்காரர்.

"உள்ளே உங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஒரே சத்தம்மா. டீக்கடைக்காரர் பயப்படறாரு. வந்து என்னன்னு கேளுங்க."

பாப்பா எட்டிப் பார்த்தாள். பெரியண்ணன் எழுந்து நின்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். சின்னண்ணனும் எழுந்து நின்றிருந்தான். இரண்டு வாயும் ஒரே நேரத்தில் அசைந்தன.

"எதுக்குச் சண்டையாம்? தேதிக்கா?"

"தேதியெல்லாம் முடிஞ்சுது. உங்களுக்கு எது சௌகரியமோ அதே தேதிதானாம். இது வேற. உங்களை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறது யாருங்கறதுதான் இப்ப சண்டை. நான்தான் மூத்தவன்னு அவர் சொல்றாரு. உங்க காரை நம்பி என் தங்கச்சியை ஏத்த மாட்டேன்னு இவர் சொல்றாரு."

பாப்பாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒருத்தர் முகத்தைப் பார்த்து ஒருத்தர் பேசறாங்களா?" என்று கேட்டாள்.

"பேச்சா அது? மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நின்னு கத்தறாங்க. சீக்கிரம் வந்து நடுவுல நில்லுங்கம்மா."

"வேண்டாங்க. அவங்களே பேசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பாப்பா செருப்பைக் கழற்றிப்போட்டு, இருக்கையில் காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.